போனுக்கு முன்னால் நீட்டிய தாம்பூலத் தட்டு

திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையை இருபத்தாறு வருஷம் நடத்திவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காததால் போன வருஷம் ஷட்டரை இறக்கியவள் நான். நம் கடைக்காரர்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதச் சொன்னீர்கள். லேமினேஷன் போடுவது எப்படி என்று எழுதப் போவதில்லை. அது தெரியாமல் கடை திறந்திருந்தால் உங்கள் தைரியத்துக்கு ஒரு கும்பிடு, அவ்வளவுதான்.

நான் தொழிலுக்கு வந்தபோது ஜெராக்ஸ் மட்டும்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதற்குப் பிறகு எல்லோர் கையிலும் போன் வந்தது. போன் வந்த மறுநாளே ஜனங்கள் அதைத் தூக்கிக்கொண்டு நம்மிடம் வந்தார்கள். வீடியோ எடுக்க யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எடுத்ததை அடுத்தவருக்கு அனுப்பத்தான் தெரியவில்லை. "மேடம், இத அனுப்பிட்டா எங்கிட்ட இருக்குமா, போயிடுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இருக்கும் என்றேன். "அப்போ அவனுக்கு எப்டி போவும்?" என்றார். சிரிக்காதீர்கள். யோசித்துப் பார்த்தால் அவர் கேட்டது நியாயம். தபாலில் போட்ட கடிதம் நம் கையிலும் இருக்குமா என்ன?

ஒரு அம்மா தன் மகனுக்கு அனுப்ப வீடியோ எடுத்திருந்தார். ஐம்பது விநாடி, இமைகூடக் கொட்டாமல், இரண்டு கையையும் முட்டியில் வைத்து நேராக உட்கார்ந்திருந்தார். பேசலாமே அம்மா என்றேன். போட்டோவில் யாராவது பேசுவார்களா என்று என்னைத்தான் ஏற இறங்கப் பார்த்தார். இன்னொருவர் கிரிவலத்தில் எடுத்த வீடியோவைப் பெங்களூரில் இருக்கும் அண்ணனுக்கு அனுப்பச் சொன்னார். நான் ஏதோ ஞாபகத்தில் ஊர் உலகத்துக்கே தெரிகிற மாதிரி ஏற்றிவிட்டேன். அதற்கு முகம் தெரியாத நாற்பது பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். மறுநாள் திட்டத்தான் வருகிறார் என்று நினைத்தால், அண்ணனைவிட இவர்கள் மரியாதை தெரிந்தவர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாத் தப்பும் அப்படிப் பூவாய் முடியாது. முடியாத ஒன்றைத்தான் சொல்ல வந்தேன். அதில் தப்பு முழுக்க என்னுடையது. அதுவும் ஒன்றல்ல, வரிசையாக மூன்று.

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரத்தில் இளநீர்க் கடை வைத்திருப்பவள் தனலட்சுமி. புருஷன் முருகேசன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். மூன்று வயதில் ஒரே பெண். அந்தக் குழந்தைக்குக் காது குத்த அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நாள் குறித்திருந்தார்கள். காது குத்தும்போது குழந்தை யார் மடியில் உட்கார வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தாய்மாமன் மடியில்தான். கலெக்டரே வந்து மடியைக் காட்டினாலும் செல்லாது.

அந்தத் தாய்மாமன் ஏழுமலை, தனலட்சுமிக்குக் கூடப் பிறந்த ஒரே அண்ணன். கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம் வைத்திருப்பவர். அவருக்கும் முருகேசனுக்கும் இரண்டரை வருஷமாகப் பேச்சு இல்லை. காரணம் ஆட்டு ஈரல். ஒரு ஆடி மாசம் மாப்பிள்ளையை விருந்துக்குக் கூப்பிட்ட ஏழுமலை, மரியாதைக்கு மாப்பிள்ளை இலையில் வைக்க வேண்டிய ஈரலைப் பக்கத்து இலைக்காரருக்கு வைத்துவிட்டார். முருகேசன் பாதிச் சாப்பாட்டில் எழுந்தான். எழுந்தவன் பெண்டாட்டியையும் கிளப்பிக்கொண்டு வந்தான். அன்றிலிருந்து அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று சத்தியம்.

இப்போது பத்திரிகை வைக்க வேண்டும். தாய்மாமனுக்குத்தான் முதல் பத்திரிகை, அதையும் புருஷனும் பெண்டாட்டியும் ஜோடியாகப் போய்த் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். போனில் கூப்பிட்டுச் சொன்னால் அது அழைப்பு ஆகாது. முருகேசனோ அந்த வாசலுக்குப் போகமாட்டான், தனலட்சுமியைத் தனியாகவும் அனுப்பமாட்டான். பத்து நாள் சண்டைக்குப் பிறகு இருவரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை எல்லாம் வைத்து, போனை மிக்ஸியின் மேல் சாய்த்து நிற்க வைத்து, அதற்கு முன்னால் ஜோடியாக நின்று தட்டை நீட்டினார்கள். சத்தியமும் கெடவில்லை, மரியாதையும் கெடவில்லை. அதை வீடியோவாக எடுத்துக்கொண்டு தனலட்சுமி என்னிடம் வந்தாள்.

அன்று பௌர்ணமிக்கு முந்தின நாள். கடையில் நிற்க இடமில்லை. லாட்ஜில் அறை எடுக்க ஆதார் நகல் கேட்டு வெளியூர்க்காரர்கள் நெருக்கிக்கொண்டிருந்தார்கள். தனலட்சுமி போனில் இடமே இல்லை, அனுப்பினால் பாதியில் நின்றுபோகிறது. கேபிளைச் செருகி வீடியோவைக் கம்ப்யூட்டருக்கு எடுத்து, அளவைக் குறைத்து, ஓடவிட்டுக் காட்டினேன். இருவரும் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றார்கள். முருகேசன் பத்திரிகையை அன்புடையீர் என்று தொடங்கிப் படித்தான். அவ்வளவு பார்த்ததும் தனலட்சுமிக்குத் திருப்தி. நாளைக்கு ஜனம் வந்துவிடும், இளநீர் இறக்க வேண்டும் என்று அவசரப்பட்டாள்.

"எங்கண்ணனுக்குப் போயிடும் இல்லக்கா?" என்று ஒரு முறைதான் கேட்டாள். போய்ச் சேரும், கவலைப்படாதே என்று அவள் கண்ணெதிரிலேயே கடை நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் ஏழுமலைக்கு அனுப்பினேன். கீழே தங்கச்சி தனலட்சுமி அனுப்பியது என்றும் போட்டேன். அவள் போய்விட்டாள். நான் ஜெராக்ஸ் மெஷினுக்குத் திரும்பினேன்.

வீடியோ மொத்தம் நாலு நிமிஷம் பத்து விநாடி. நான் பார்த்தது முக்கால் நிமிஷம். அதுதான் முதல் தப்பு. மிக்ஸியின் மேல் சாய்த்து வைத்த போனில் வீடியோ ஓடுவதை யார் நிறுத்தியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

கம்ப்யூட்டரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மெஷின் சத்தத்தில் கேட்கவில்லை. பேப்பர் தீர்ந்து மெஷின் நின்றதும் கடை முழுக்க முருகேசன் குரல் கணீரென்று கேட்டது.

"முடிஞ்சிதா? உங்கண்ணன் பெரிய ராசா. தட்டத் தூக்கினு போனு முன்னாடி நிக்க வெச்சிட்டான் என்ன. அவன் வந்து குந்தலன்னா எம்பொண்ணு காதுல ஓட்ட வுழாதா? எங்க ஸ்டாண்டுல பதினாலு பேரு கீறான், எவன் மடியில வேணா குந்த வெச்சி குத்திக்குவேன். ஈரல் வெக்கத் தெரியாதவனுக்குத் தட்டு ஒரு கேடா?"

பாய்ந்து போய் நிறுத்தினேன். கடையில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். ஆதார் அட்டையோடு நின்ற ஒரு பெரியவர், யார் மடி என்பதெல்லாம் விளையாட்டல்ல அம்மா, தாய்மாமன்தான் என்றார். பக்கத்தில் நின்ற பெண், பெரியப்பா மடியில் குத்தியதையும் பார்த்திருக்கிறேன் என்றாள். அது தாய்மாமன் இல்லாத வீட்டில் என்று அவர் மடக்கினார். பேப்பர் போடக்கூட மறந்து நான் நின்றேன். என் கடையில் பஞ்சாயத்து நடக்கிறது, அனுப்பிய வீடியோ கீழ்பென்னாத்தூரில் இருக்கிறது.

பதறாமல் இருந்திருந்தால் அழித்திருக்கலாம். பதறினேன். வீடியோவின் மேல் அழுத்தினால் இரண்டு பொத்தான் வரும், உங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் அழி என்று ஒன்று, எனக்கு மட்டும் அழி என்று ஒன்று. ஊருக்கெல்லாம் இந்த வித்தியாசத்தை விளக்கிச் சொன்ன கை, எனக்கு மட்டும் என்பதை அழுத்தியது. இது இரண்டாவது தப்பு. என் பக்கத்தில் வீடியோ மறைந்தது. அவர் போனில் பத்திரமாக இருக்கிறது. பார்த்தாரா இல்லையா என்று காட்டும் டிக்கும் போயிற்று.

ஏழுமலைக்குப் போன் செய்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன், எடுக்கவில்லை. தனலட்சுமிக்குச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொன்னால் அவள் முருகேசனிடம் போய்ச் சண்டை போடுவாள், காதுகுத்து அங்கேயே நின்றுபோகும். நான் அனுப்பியது, நான்தான் போய் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பௌர்ணமிக்கு முந்தின நாள் பகல் பதினோரு மணிக்கு என் கடை ஷட்டர் இறங்கியதைப் பார்த்து, பக்கத்துக் கடைக்காரர் யாராவது இறந்துவிட்டார்களா என்று கேட்டார். இன்னும் இல்லை என்று சொல்லிவிட்டுச் செஞ்சி பஸ்ஸில் ஏறினேன். ஊரே உள்ளே வந்துகொண்டிருந்தது. என் பஸ் காலியாக வெளியே போனது.

கீழ்பென்னாத்தூரில் இறங்கி டீக்கடையில் ஏழுமலை வீடு எது என்று கேட்டேன். எந்த ஏழுமலை என்றார் கடைக்காரர். நம் மாவட்டத்தில் வீட்டுக்கொரு ஏழுமலை உண்டு என்பதை மறந்து கிளம்பியிருக்கிறேன். நிலம் வைத்திருப்பவர் என்றேன். எல்லா ஏழுமலைக்கும் நிலம் இருக்கிறது என்றார். தங்கை மாப்பிள்ளையோடு பேசாதவர் என்றேன்.

"ஓ, ஈரல் ஏழுமலையா" என்று வழி காட்டினார்.

ஏழுமலை வீட்டுக்குப் பக்கத்துக் களத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். வேர்க்கடலைக்கு நம் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் பேர், வெளியூர்ப் பிள்ளைகள் குழம்ப வேண்டாம். நான் யார், எந்தக் கடை என்று சொல்லி, காலையில் ஒரு வீடியோ வந்ததா என்று கேட்டேன்.

"வந்துது மேடம். அமுக்கினா சுத்திக்கினே கீது. தங்கச்சி பேரு போட்டிருந்துதா, அதான் யாரு வந்து ஓடவுடுவாங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்களே ஓடவுடுங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

அவருடைய அன்றைய நெட் தீர்ந்திருந்தது. அதுதான் சுற்றியது. அண்ணாமலையாரே காப்பாற்றினார் என்று நினைத்தேன். போன் என் கையில், வீடியோ என் கட்டைவிரலுக்குக் கீழே. அழித்துவிட்டு, கெட்டுப்போய் வந்திருக்கிறது, மறுபடி அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் கண்டுபிடித்திருக்க முடியாது. பிள்ளைகளே, தெரியாதவர்கள் போனை நம்மிடம் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். இதை உங்களுக்கு உபதேசமாகச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போய்விட்டுத்தான் திரும்பியது.

என் போன் நெட்டைப் பகிர்ந்து வீடியோவை இறக்கினேன். அழைப்பு முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்பது என் கணக்கு. அதற்குள் ஏழுமலை எழுந்து போய்க் கை கால் கழுவினார். கொடியில் கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டார். பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்தார். தட்டு நீட்டுகிறார்கள் என்று நான்தான் வாய்விட்டிருந்தேன். அழைப்பை ஜோடியாக நின்றுதான் வாங்க வேண்டுமாம். நான் போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

முருகேசன் படித்தான். அன்புடையீர் முதல் அச்சகத்தின் பேர் வரை ஒரு வரி விடாமல் படித்தான். தாய்மாமன் என்று போட்டு ஏழுமலை பேர் வரும் இடத்தில் மட்டும் குரல் இறங்கியது. பிறகு தட்டு முன்னால் வந்தது. இந்தப் பக்கம் ஏழுமலையும் அவர் மனைவியும் குனிந்து, நான் பிடித்திருந்த போனை ஆளுக்கொரு பக்கம் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று நிறுத்தினேன்.

"அவ்ளோதானா?" என்றார் ஏழுமலை. முகம் சப்பென்று இருந்தது. பத்திரிகையில் இருக்கிறதைத்தானே படிக்கிறான், வா என்று ஒரு வார்த்தை தானாகச் சொல்லவில்லையே, என் தங்கச்சி வாயே திறக்கவில்லையே என்றார். போவதா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்கியவர் போனைக் குனிந்து பார்த்தார்.

"மேடம், இந்தக் கோடு இன்னும் பாதிகூட போவலையே?"

விவசாய வீடியோ பார்க்கிறவராம். அனுப்பத் தெரியாதவருக்கு, எவ்வளவு பாக்கி இருக்கிறது என்று பார்க்க மட்டும் தெரிந்திருக்கிறது. அது ஒன்றுமில்லை, நிறுத்த மறந்துவிட்டார்கள், வெறும் வீடுதான் தெரியும் என்றேன்.

"என் தங்கச்சி வூடுதான? ரெண்டர வருஷமாச்சி. பாக்கறேன்."

அதற்கு மேல் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னேன். அழைத்து முடித்த பிறகு வீட்டுக்குள் பேசிக்கொண்ட பேச்சு அதில் பதிவாகியிருக்கிறது, உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று அவர்கள் நினைக்காத பேச்சு, முழுசும் பார்க்காமல் அனுப்பியது என் தப்பு, தனலட்சுமிக்கு இது தெரியாது என்றேன்.

"என்னப் பத்தியா?"

"ஆமாங்க."

"அப்போ எனக்கு வந்ததுதான். போடுங்க."

போட்டேன். முருகேசன் ராசா என்றான், ஆட்டோ ஸ்டாண்டில் பதினாலு மடி என்றான், ஈரல் என்றான். ஏழுமலையின் கழுத்து நரம்பு புடைத்தது. அவர் மனைவி, ஈரல் வைத்தது நான், பக்கத்து இலைக்கு வைக்கச் சொல்லிக் கண் காட்டியது நீ என்று மெதுவாகச் சொன்னாள். காதுகுத்துப் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். கடையில் நான் நிறுத்திய இடம் அதுதான். அதற்கு மேல் எனக்கும் தெரியாது.

வீடியோவில் தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. படத்தில் முருகேசனின் ஒரு தோளும் காலண்டரும் மட்டும். தனலட்சுமி தெரியவில்லை, குரல்தான் வந்தது. கத்தவில்லை.

"உனுக்கு ஈரல் வெக்கலன்னு ரெண்டர வருஷம். எனக்கு எங்கண்ணன் மூஞ்சியப் பாத்து ரெண்டர வருஷம். எங்கப்பா செத்த அன்னிக்கி எனக்கு ஏழு வயசு. அன்னிலேந்து நான் சாப்ட்டனான்னு கேட்டுட்டுதான் எங்கண்ணன் சாப்புடும். இப்போ போனு முன்னாடி பொம்ம மாரி நின்னேன், அண்ணேன்னு கூப்ட வாய் வரல, அயுதுடுவேன்னு. அது மடியில குந்தாம எம்பொண்ணு காதுல ஊசி படாது. அது வராட்டி அவ கல்யாணத்துக்கும் மொட்டக் காதோடதான் நிப்பா. உங்க ஸ்டாண்டுல போயி சொல்லு."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முருகேசன் தோள் அசைந்தது.

"வரட்டும். நான் ஒண்ணும் பேசல. அன்னிக்கி ஈரல நானே அவன் எலையில வெக்கறேன். எப்டி வெக்கறதுன்னு பாத்துக்கட்டும்."

அப்புறம் குழந்தை வந்து போனை எடுத்தது. இரண்டு மூக்குத் துவாரமும் திரை முழுக்கத் தெரிந்தன. அத்தோடு நாலு நிமிஷம் பத்து விநாடி முடிந்தது.

மூன்றாவது தப்பு இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். கடையில் பயந்துபோய் நிறுத்தினேனே, அது. முதல் தடவை முழுசும் பார்க்காததால் தப்பாக அனுப்பினேன். இரண்டாம் தடவை முழுசும் பார்க்காததால் அதை அழிக்க ஓடினேன். அந்த எனக்கு மட்டும் பொத்தானை என் கை தவறி அழுத்தாமல் இருந்திருந்தால், தனலட்சுமியின் அந்தப் பேச்சு யார் காதிலும் விழாமல் போயிருக்கும். என் சாமர்த்தியத்தால் நடந்தது என்று இதில் எதுவுமே இல்லை.

ஏழுமலை மறுபடி போடச் சொன்னார். தங்கச்சி பேசும் இடத்திலிருந்து. இரண்டாம் முறை கேட்கும்போது களத்துப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நாங்களும் வேறு பக்கம் பார்த்தோம். திரும்பியபோது கண் சிவந்திருந்தது. மல்லாட்டைத் தூசி என்றார். சரி என்றேன்.

பிறகு மனைவியிடம், அந்தக் கம்மலை எங்கே வைத்தாய் என்று கேட்டார். அவள் உள்ளே போய் ரோஸ் காகிதத்தில் மடித்த பொட்டலத்தைக் கொண்டுவந்தாள். கடுகளவு கல் வைத்த குழந்தைக் கம்மல், தாய்மாமன் சீர். குழந்தை பிறந்த வாரமே வாங்கியதாம். பேச்சு நின்ற பிறகும் மாசத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்ததாக அவள் என்னிடம் சொன்னாள். உன்னை யார் கேட்டார்கள் என்று அவர் முறைத்தார். வெள்ளிக்கிழமை எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பார்க்க, முருகேசன் பத்திரிகை படிக்கும் இடத்தை மறுபடி போடச் சொன்னார்.

எனக்குப் போன உயிர் வந்தது. உயிர் வந்ததும் கடைக்காரப் புத்தியும் கூடவே வந்துவிட்டது. இது வெளியாட்கள் கண்ணில் பட்டால் நன்றாக இருக்காது, பின்னால் இருக்கிற வீட்டுப் பேச்சை வெட்டிவிட்டு அழைப்பை மட்டும் வைத்துத் தருகிறேன், ஒரு நிமிஷ வேலை என்றேன். ஏழுமலை கழற்றிய பொத்தானைத் திரும்பப் போட்டுக்கொண்டே சொன்னார்:

"முன்னாடி கீறத வெட்டிடுங்க மேடம். அதான் பத்திரிகையிலயே கீதே."